ஓவியரின் பிழைப்பும் ஓவியமும்



சென்னையில் திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-ஆம் ஆண்டு தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. அந்தக் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கே பிறந்த ஓவியங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நான் இன்று பேச நினைப்பது அங்கே அடுப்பு எரிந்த விதத்தைப் பற்றி.

கல்லூரியில் ஐந்தாறு வருடம் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்கு அன்று என்ன வழி இருந்தது? விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். அப்படிப் போன பலர் கொஞ்சம் கொஞ்சமாக வரைவதையே விட்டுவிட்டார்கள். படத்தை விற்றே சாப்பிடலாம் என்றால், நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை அன்றைய சென்னையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பணிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். நாளின் ஒரு பகுதியில் கைவினைப் பொருள் செய்து விற்பது. அந்த வருமானத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வது. மிச்ச நேரத்தில், யார் வாங்குவார்கள் என்ற கவலை இல்லாமல் வரைவது. இதற்காகவே ஓவியர்கள் கூடி ஒரு கைவினைச் சங்கமும் வைத்தார்கள்.

அவர்கள் செய்தவற்றில் முக்கியமானது பாட்டிக் துணி. மெழுகை உருக்கித் தூரிகையால் துணியில் வரைவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் நிறம்; துணி காய்ந்ததும் அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு; பிறகு அதைவிட அடர்ந்த நிறம். சாயத்தொட்டி ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு இளகிக் கோடு கலைந்துவிடும். கடைசியில் கொதிநீரில் அலசி மெழுகை எடுத்தால், அது விரிசல் விட்ட இடங்களிலெல்லாம் சாயம் புகுந்து மெல்லிய நரம்புகளாக ஓடியிருக்கும். வரையத் தெரிந்த கைக்கு ஏற்ற வேலை. இத்தனை நாளில் முடியும், இன்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். ஓவியத்தில் இந்த இரண்டையும் சொல்ல முடியாது. பாட்டிக் விற்ற பணம் கிராமத்துக்கு நிலம் வாங்கவே உதவியது.

எல்லோருக்கும் இப்படி ஒரு கிராமம் வாய்க்காது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குப் பத்திரிகையில் படம் போட்டார், புத்தக அட்டைகள் செய்தார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களும், பின்னாளில் வரைந்த பெரிய அரூப ஓவியங்களும் இத்தனைக்கும் நடுவில்தான் வந்தன. பத்திரிகைக்குப் போட்ட படத்தை அவர் கை குறைத்து மதிப்பிட்டதாக எங்குமே தெரியவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றைய ஓவியருக்கு ஆர்டர் வருகிறது. "அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம், பதினைந்து நாளில் ஆயில் பெயிண்டிங் வேண்டும்" என்று கேட்பார்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவதுபோலக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. ஒரு மெல்லிய பூச்சுக்கே சில நாள் ஆகும்; தடித்துப் பூசினால் மாதக்கணக்கு. மேலே வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் பொறுப்பது வழக்கம். அவசரப்பட்டால் படம் பிற்காலத்தில் வெடிக்கும். பதினைந்து நாள்தான் என்றால் அக்ரிலிக்கில் செய்து தருகிறேன் என்று அப்போதே சொல்லிவிடும் ஓவியர்தான் தொழில் தெரிந்தவர்.

கண்காட்சி என்பது வேறு கணக்கு. ஒரு வருட உழைப்பை விற்காமல் சேர்த்து வைக்க வேண்டும். பிரேம், வண்டிக்கூலி, அழைப்பிதழ், கூடத்து வாடகை எல்லாம் முன்னாலேயே கையைவிட்டுப் போய்விடும். கேலரி நடத்தினால் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அவர்களுக்கு. விற்காத படங்கள் திரும்பி வந்து வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசாத ஓவியர் குடும்பங்களில்தான் மனக்கசப்பு வளர்கிறது. ஓவியர் பெண்ணாக இருந்துவிட்டால், சமையலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் முடிந்து மிஞ்சுவதுதான் அவர் நேரம். அந்த நேரத்தையும் "சும்மாதானே இருக்கிறாய்" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். இது அநியாயம். காலையில் இரண்டு மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை அவருக்கு வீட்டார் கொடுத்தே ஆக வேண்டும்.

நேயர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். தெரிந்த ஓவியரிடம் "உங்களுக்கு இது ஒரு வேலையா, சும்மா ஒன்று வரைந்து கொடுங்களேன்" என்று கேட்காதீர்கள். படம் வேண்டுமென்றால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று அவரையே சொல்ல விடுங்கள். படம் கைக்கு வந்த அன்றே மீதியையும் கொடுத்துவிடுங்கள்.