குழியில் அமரும் பல்

நேயர்கள் இரண்டு கை முட்டிகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பார்க்கலாம். எலும்பு மேட்டில் வலி தெறிக்கும். அடுத்து, ஒரு முட்டியை மறுகையின் உள்ளங்கையில் வைத்து அதே பலத்தில் அழுத்தினால் அவ்வளவு வலிக்காது. பலம் அதேதான், தாங்கும் இடம் அகன்றுவிட்டது.

வழக்கமான பற்சக்கரம் இதில் முட்டியோடு முட்டி மோதும் முதல் ரகம். இன்வொல்யூட் எனப்படும் வளைவில் வெட்டிய பற்கள் இரண்டும் வெளியே புடைத்தவை. தொடுவது மெல்லிய கோட்டில். பாரம் கூடினால் அந்தக் கோட்டில்தான் எஃகு களைத்து, பொடிப்பொடியாகக் குழி விழும். இருந்தும் உலகம் இதை விடவில்லை. தண்டுகளின் இடைவெளி சற்றுப் பிசகினாலும் வேக விகிதம் மாறாத பெருந்தன்மை இதற்கு உண்டு.

உள்ளங்கை வழியை நாடியவர்கள் இருவர். சுவிஸ் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எர்னஸ்ட் வில்ட்ஹாபர் 1926-இல் காப்புரிமை பெற்றார். சோவியத் பொறியாளர் மிகயில் நோவிகோவ் 1956-இல் தம் வடிவத்தை முன்வைத்தார். சின்னச் சக்கரமான பினியனின் பல் புடைப்பு. பெரிய சக்கரத்தின் பல் குழிவு. குழிவின் ஆரம் புடைப்பின் ஆரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது; அதனால் பாரம் தாங்கும் இடம் அகல்கிறது.

ஆனால் குறுக்குவெட்டில் பார்த்தால் இந்தப் பற்கள் ஒரு கணம்தான் தொடும். எனவே பல்லைச் சாய்வாக வெட்டியாக வேண்டும். தொடும் இடம் பல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். பாரம் முனையில் ஏறும் நேரம்தான் ஆபத்தானது. அங்கே பக்கத்துணை இல்லாததால் பல்லின் வேரில் அழுத்தம் எகிறும். சக்கரத்தின் அகலத்தைக் கணக்குப் பார்த்து, ஒரு பல் விடுமுன் அடுத்தது பிடிக்கும்படி அமைப்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரியும். தண்டு இடைவெளியோ துல்லியமாக இருக்க வேண்டும். பிசகினால் தொடும் இடம் பல்லின் நுனிக்கோ வேருக்கோ தாவிவிடும்.

1971-இல் முதன்முதலில் பறந்த பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் லிங்க்ஸ் ஹெலிகாப்டர் இந்தத் தொல்லையை ஏற்றுக்கொண்டது. மேல் சுழலிக்கு விசை தரும் கியர் பாக்ஸில் இவ்வகைப் பற்கள் உண்டு. எடைக்கு அஞ்சும் வாகனத்துக்கு இது நியாயமான பேரம். 1986-இல் ஒரு லிங்க்ஸ் மணிக்கு 400.87 கி.மீ. பறந்து உலகச் சாதனை படைத்தபோது பேச்செல்லாம் புது இறக்கைகளைப் பற்றியே; உள்ளே சுழன்ற பற்களை யார் நினைத்தார்கள்?

பட்டறைக் கணக்கு வேறு. இன்வொல்யூட் என்றால் ஒரே ஹாப் வெட்டுக்கருவி இரு சக்கரத்துக்கும் போதும். புடைப்பும் குழிவுமான இந்த ஜோடிக்கு இரண்டு வேண்டும். அதனால்தான் நுனி புடைத்து, அடி குழிந்த இரட்டை வளைவுப் பல் பின்னர் வந்தது. அதை ஒரே ஹாப்பால் வெட்டலாம்.