படிப்பு ஏறாத அந்த வருஷம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



மாட்டுக் கடன் வாங்கி சொசைட்டிக்கு பால் ஊத்தின அனுபவத்தைத்தான் என்னைப் பேசச் சொன்னாங்க. அதை எங்க ஊக்குநர் அக்கா என்னை விட நல்லா பேசுவாங்க, நான் வேற ஒண்ணு பேசட்டுமான்னு கேட்டேன். சரின்னாங்க. பத்தாவது படிக்கும்போது எனக்கு வந்த மன நோயைப் பத்திப் பேசப் போறேன். மன நோய்னு சொன்னதும் ரெண்டு பேர் பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பார்க்கறீங்க. பாருங்க, பரவாயில்ல.

2004-ல் நான் பத்தாம் வகுப்பு. எங்க அப்பா குடிக்க மாட்டார். அம்மா அடிக்க மாட்டாங்க. வீட்டில் சாவு எதுவும் இல்லை. கடன்காரன் வாசலில் வந்து நிற்கவில்லை. இதை ஏன் முதலில் சொல்றேன்னா, அப்போ எல்லாரும் என்னைக் கேட்டது ஒண்ணுதான். "உனக்கு என்னடி குறை?" குறை ஒண்ணும் இல்லை. அதனாலதான் என்னை யாரும் நம்பல. வயித்து வலின்னா வயித்தைக் காட்டலாம். இதை எங்க காட்டுறது?

ஆடி மாசம் போல ஆரம்பிச்சது. ராத்திரி படுத்த உடனே தூங்கிடுவேன். மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் விடியற வரைக்கும் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காலையில் எழுந்திருக்க கை கால் வராது. அழுதுக்கிட்டே இருந்தேன்னு நினைக்காதீங்க, அழுகை வரவே இல்லை. கோபம்தான் வரும். தம்பி பென்சிலை எடுத்தான்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன். வயசுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தா சோகத்தை விட எரிச்சல்தான் நிறைய தெரியும்னு பிறகு டாக்டர் சொன்னார். அப்போ வீட்டில் வெச்ச பேர் "திமிர்".

படிப்பு சங்கதிக்கு வரேன். ஒன்பதாவது வரைக்கும் முதல் பத்து ரேங்குக்குள்ள இருப்பேன். திருக்குறள் இருபதையும் ஒரே நாளில் ஒப்பிப்பேன். அந்த வருஷம் ஒரு குறளைக் காலையில் படிச்சா மத்தியானம் சோத்து மணி அடிக்கும்போது அதில் ஒரு சொல் கூட நிக்காது. அறிவியல் புத்தகத்தைத் திறந்து வெச்சு ஒரே வரியை நாலு தடவை படிப்பேன். வாய் படிக்கும், கண்ணு ஓடும். அஞ்சாவது தடவை பார்த்தா புது வரி மாதிரி இருக்கும். மனசு வேற எங்கேயோ போச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு அது எங்கேயும் போகல. ஒண்ணுமே இல்லாத இடத்துல நின்னுச்சு, அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார் போர்டுக்கு வரச் சொல்லி, தெரியலன்னா பெஞ்சு மேல ஏத்துவார். பாதி நாள் பெஞ்சு மேலதான். அறிவியல் டீச்சர் மட்டும் ஒரு நாள் என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஜூன் மாச எழுத்து கோட்டு மேல நேரா நிக்குது, செப்டம்பர் மாச எழுத்து கோட்டுக்குக் கீழே சரிஞ்சு கிடக்குது. "உன் கையெழுத்து ஏம்மா இப்படி ஆயிடுச்சு?"ன்னு கேட்டாங்க. மார்க்கைப் பார்த்தவங்க எல்லாரும் திட்டினாங்க, கையெழுத்தைப் பார்த்த ஒருத்தங்கதான் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. பதில் சொல்ல எனக்குத் தெரியல. ஆனா அன்னைக்குத்தான் எனக்கு ஏதோ ஆயிருக்குன்னு எனக்கே தோணிச்சு.

வீட்டில் காத்து கருப்புன்னாங்க. வேப்பிலை அடிச்சாங்க, எலுமிச்சம்பழம் சுத்தினாங்க, கையில் கயிறு கட்டினாங்க. எங்க ஆயா மூணு வெள்ளிக்கிழமை என்னை அம்மன் கோயிலில் உட்கார வெச்சாங்க. சாமி கும்பிடறதை நான் குத்தம் சொல்லல. ஆயா மடியில் தலை வெச்சுக் கோயில் திண்ணையில் படுத்திருந்தது எனக்கு நல்லாத்தான் இருந்தது. ஆனா நோய் போகல.

அப்போ எங்க அண்ணி மாசமா இருந்தாங்க. அவங்களைப் பார்க்க வந்த கிராம நர்ஸம்மா, மூலையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு என்கிட்ட வந்து உட்கார்ந்தாங்க. எத்தனை நாளா இப்படி, தூக்கம் வருதா, பசிக்குதா, முன்னாடி பிடிச்சது எல்லாம் இப்போ பிடிக்குதான்னு வரிசையாக் கேட்டாங்க. அப்புறம் நேரா, "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா பதறிப் போய், "என்னங்க, வயசுப் பொண்ணுகிட்ட இப்படிக் கேக்கறீங்க, இல்லாத நெனப்பு வந்துடப் போவுது"ன்னாங்க. கேட்டா அந்த நினைப்பு வராது, உள்ளே இருந்தா வெளியே வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்கு அப்படித்தான் வந்தது. ஆமான்னு சொன்னேன். அப்போதான் முதல் தடவையா அழுதேன். அம்மாவும் அழுதாங்க. நர்ஸம்மா அழல. "மல்லாட்டைக்கு அடிக்கிற மருந்து எங்க வெச்சிருக்கீங்க? அதைப் பூட்டி சாவியை நீங்க வெச்சுக்குங்க. பிள்ளையைத் தனியா விடாதீங்க. செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, மனசு டாக்டர் இருப்பார்"னு சொல்லிட்டு அண்ணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போயிட்டாங்க.

பைத்தியம்னு பேர் வந்துட்டா நாளைக்கு யார் கட்டுவாங்கன்னு அம்மாவுக்கு பயம். அதனால் பஸ்ஸில் கேட்டவங்களுக்கெல்லாம் "கண்ணு காட்ட போறோம்"னு சொன்னாங்க. மாசம் ஒரு தடவை போனோம், அதனால் ஊரே எனக்குக் கண்ணு கோளாறுன்னு நம்பிடுச்சு. போன பொங்கலுக்குக் கூட ஒரு பெரிம்மா, "கண்ணாடி போடாமலே சரியாப் போச்சா?"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் நிச்சயத்துக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லிட்டேன். அவர், "இப்போ நல்லா இருக்கியா?"ன்னு மட்டும் கேட்டார்.

டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் கம்மியா இருந்தாலும், தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலன்னாலும் சோர்வு, மறதி எல்லாம் வருமாம். அது எனக்குச் சரியா இருந்தது. அப்புறம்தான் இது மனச்சோர்வு நோய்னு சொன்னார். சில பேருக்குக் காரணம் இருக்கும், சில பேருக்குக் காரணமே தெரியாது, ரெண்டும் ஒரே நோய்தான்னார். நிறைய நேரம் பேசினார், மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை பத்தி ஒண்ணு சொல்லணும். முதல் ரெண்டு வாரம் குமட்டல்தான் இருந்தது, மனசுல ஒரு மாத்தமும் இல்லை. ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும்னு டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் அம்மா நிறுத்தல. நாலாவது வாரம் ஒரு நாள் அம்மா கருவாட்டுக் குழம்பு கொதிக்க வெச்சிருந்தாங்க. அந்த வாசனை எனக்கு வந்தது. அதுக்கு முன்னாடி எத்தனை மாசமா சோத்துக்கு வாசனையே இல்லாம சாப்பிட்டிருக்கேன்னு அப்போதான் தெரிஞ்சது. நல்லாயிட்டோம்னு நாமா மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு.

மனசு தெளிஞ்சாலும் படிப்பு உடனே திரும்பி வரல. இதைத்தான் நம்ம அம்மாக்கள் தெரிஞ்சுக்கணும். பிள்ளை சிரிக்குது, சாப்பிடுது, அப்போ படிக்க வேண்டியதுதானேன்னு நமக்குத் தோணும். காய்ச்சல் விட்ட மறுநாளே கதிர் அறுக்கப் போக முடியுமா? ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லாதீங்க, கொஞ்ச நேரம் போதும்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குக் கடிகாரக் கணக்கு வராது. அவங்களா ஒரு வழி பண்ணாங்க. உலையில் அரிசியைப் போட்டுட்டு, "கஞ்சி வடிக்கிற வரைக்கும் படி, அப்புறம் மூடி வெச்சுடு"ன்னாங்க. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பேன். சத்தம் போட்டுப் படிப்பேன், ஏன்னா மனசுக்குள்ள படிச்சா காணாமல் போயிடும். வடிச்சதும் படிச்சதை அம்மாவுக்குச் சொல்லணும். அம்மா மூணாவது வரைக்கும்தான் படிச்சவங்க. ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா எனக்கு முதலில் புரிஞ்சாகணும். "அப்போ இலைதான் மரத்துக்கு அடுப்பா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அப்புறம் அந்தப் பாடம் எனக்கு இன்னைக்கும் மறக்கல.

சோத்துக்கு ஒரு தடவை, குழம்புக்கு ஒரு தடவை, சாயங்காலம் மாட்டுக்குத் தீனி வேகும்போது ஒரு தடவை. ஒரு நாளைக்கு மூணு அடுப்பு நேரம். வராத நாள் வராது, அன்னைக்கு அம்மா புத்தகத்தை வாங்கி வெச்சுட்டு மல்லாட்டை ஆய கூட்டிப் போயிடுவாங்க. வெயிலில் கை வேலை செஞ்சா ராத்திரி தூக்கம் நல்லா வந்தது. அறிவியல் டீச்சர் என்னை ஜன்னல் பக்கத்தில் இருந்து முதல் பெஞ்சுக்கு மாத்தினாங்க. எல்லாப் பாடத்தையும் படிக்க வேண்டாம், முக்கியமான கேள்விகளை மட்டும் படின்னு குறிச்சுக் கொடுத்தாங்க. கணக்கு வாத்தியார் கடைசி வரைக்கும் மாறல, அவரை விடுங்க.

500-க்கு 271 எடுத்தேன். கணக்கில் 38. என்னை விட அதிகம் எடுத்தவங்க எங்க வகுப்பில் நிறைய பேர் உண்டு. பதினொண்ணாவதுக்கு தூரத்து ஊருக்குப் போகணும், பஸ் சரியில்லை, அதோட படிப்பு நின்னது. அது வேற கதை.

இதையெல்லாம் இத்தனை வருஷம் கழிச்சு ஏன் பேசறேன்னா, போன வருஷம் எங்க குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 10,000 ரூபாய் கடன் கேட்டாங்க. பொண்ணுக்கு தோஷம் கழிக்கணும், பொண்ணு ஒன்பதாவது, ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது, படிப்பு ஏறல, அடுத்து ஒரு நல்ல இடம் பார்த்து முடிச்சுடலாம்னு சொன்னாங்க. 14 வயசுப் பொண்ணுக்கு. அந்தக் கூட்டத்தில்தான் என் கண்ணு கோளாறு கதையை முதல் தடவையா உடைச்சேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் கணக்கு எழுதற தங்கச்சி, "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்தது"ன்னுச்சு. இன்னொருத்தங்க, "எனக்கே பிள்ளை பெத்த அப்புறம் இருந்தது"ன்னாங்க. பன்னிரண்டு பேர் குழுவில் மூணு பேர்.

அந்தப் பொண்ணை நானும் அவங்க அம்மாவும் கூட்டிப் போனோம். அவங்க சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்றேன். ரத்தம் 8 கிராம். இந்த வயசுப் பொண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்த சோகை. பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் கொடுக்கற நீல மாத்திரையைக் குமட்டுதுன்னு தூக்கிப் போட்டுட்டு இருந்திருக்குது. அதோட மனச்சோர்வும் இருந்தது. ரெண்டுக்கும் மருந்து கொடுத்தாங்க. சீட்டு, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எங்களுக்கு ஆன செலவு டவுன் பஸ்ஸுக்கு ஒண்ணும் இல்ல, வடைக்கும் டீக்கும்தான். அந்த 10,000 கடனை அந்த அக்கா வாங்கவே இல்லை. பொண்ணு இப்போ பத்தாவது. நல்லாப் படிக்குதான்னு கேட்டா சுமாரா படிக்குது. பள்ளிக்கூடம் போகுது.

எழுதி வெச்சுக்குங்க. 14416. டெலி மானஸ்னு பேர். 2022-ல் இருந்து இருக்கு. ராத்திரி பகல் எப்போ கூப்பிட்டாலும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம், காசு இல்லை. 104-லயும் பேசலாம். பிள்ளைகளே நேரா பேசணும்னா 1098. போனில் காசு இல்லன்னாலும் போகும். ரெண்டு வாரத்துக்கு மேல பிள்ளை தூங்கல, சாப்பிடல, எதுலயும் பிடிப்பு இல்ல, சும்மா சும்மா எரிஞ்சு விழுது, புத்தகத்தை வெச்சுக்கிட்டு வெறிச்சுப் பார்க்குதுன்னா அடுத்த பரீட்சை வரைக்கும் காத்திருக்காதீங்க. செத்துப் போறேன்னு விளையாட்டுக்குச் சொன்னாலும் அன்னைக்கே கூட்டிப் போங்க. கொல்லைக்கு வாங்குற பூச்சி மருந்தைப் பூட்டி வைங்க. செல்லை வாங்கி உடைச்சுட்டா சரியாப் போயிடும்னு நிறைய பேர் நினைக்கிறோம். எனக்கு வந்தப்போ எங்க ஊரிலேயே ஒரே ஒரு செல்தான் இருந்தது, அது பால் சொசைட்டி செயலாளர்கிட்ட.

நம்ம கூட்டமைப்புகிட்ட நான் ஒண்ணு கேக்கறேன். மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் படிச்சு முடிச்ச பிறகு, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகல, ஏன் போகலன்னு ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும். தீர்மான நோட்டில் பேர் எழுத வேண்டாம். கூடப் போறதுக்கு ஒரு ஆள் இருந்தாலே போதும். தனியாப் போக எங்கம்மா எவ்வளவு பயந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏழே முக்கால் பஸ். நான் ரேஷன் கடைகிட்ட நிப்பேன். யாராவது கேட்டா கண்ணு காட்டப் போறோம்னு வேணும்னாலும் சொல்லிக்குங்க.