சேலத்தின் தலையெழுத்தும் ஒரு போர்க்கப்பலும்



கடல் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சேலம் அஸ்தம்பட்டியில் மேடை போட்டுப் போர்க்கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1780இல் இந்தச் சேலம் சீமை ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரை விரட்ட அவரிடம் குதிரைப்படை இருந்தது. கடற்படைக்குப் பிரெஞ்சுக்காரரை நம்பியிருந்தார். அந்தத் துணையை மறித்து நின்ற கப்பல்தான் 'சூப்பர்ப்'.

1760இல் இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டில் நீரில் இறங்கிய பாய்மரக் கப்பல் அது. 74 பீரங்கிகள். அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் தலைமைக் கப்பல். எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென்.

1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக் கடலில் முதல் மோதல். 'சூப்பர்ப்' கப்பலின் கேப்டன் அதில் உயிர்விட்டார். பிறகு பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கியது. ஏப்ரலில் கடலூர் வீழ்ந்தது. ஜூலையில் நாகப்பட்டினத்தை நோக்கிப் போன சுஃப்ரெனை ஹியூஸ் தடுத்தார். அந்த மாதமே ஹைதர் கடலூரில் சுஃப்ரெனைச் சந்தித்தார், டிசம்பரில் மறைந்தார். சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. ஐப்பசிப் புயலுக்குத் தப்பவும், அடிபட்ட கப்பல்களைச் செப்பனிடவும் ஹியூஸ் பம்பாய்வரை போக வேண்டியிருந்தது.

1783 ஜூன் 20. கடலூருக்கு எதிரே இருவருக்கும் இடையே ஐந்தாவது போர். ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரெனிடம் 15. பின்வாங்கியவர் ஹியூஸ்! இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே இரு நாடுகளுக்கும் இடையே சமாதானம் கையெழுத்தாகியிருந்தது! செய்தி கடலூரை எட்டியது ஜூன் கடைசியில். அவர்களைக் கொன்றது பீரங்கி மட்டுமா? தாமதமும்தான்.

பிரெஞ்சுக்காரர் விலகினார்கள், ஹைதரின் மகன் திப்பு தனித்து நின்றார். அடுத்த போரில் அவர் தோற்க, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் அதை அடுத்த பாரமகாலும் ஆங்கிலேயக் கும்பெனியிடம் போயின. 'சூப்பர்ப்' அதைப் பார்க்கவில்லை. 1783 நவம்பரிலேயே தலச்சேரிக் கடலில் உடைந்து மூழ்கிவிட்டது.

ஆசிரியர்களே, சேலத்தின் வரலாற்றைச் சங்ககிரிக் கோட்டையோடும் நாமக்கல் மலையோடும் முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் அழைத்துப் போங்கள். நம் ஊரின் விதி அந்தக் கரையிலும் எழுதப்பட்டது என்று நேரில் காட்டிச் சொல்லுங்கள்.