பாதியில் நின்ற கொடை

அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகள் எல்லாம் கொடுத்து முடித்தவர்களின் பெயரில் நடப்பவை. மனத்தில் நினைத்து, நாலு பேரிடம் வாயாரச் சொல்லி, கையெழுத்தும் போட்டு, கடைசி வேலையை மட்டும் விட்டுப்போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர்கள் தீர்ப்புத் தொகுதிகளில் கிடக்கின்றன.

வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக் ஊரில் ராபர்ட் ஜோன்ஸ் என்றொரு இரும்புக்கடைக்காரர் இருந்தார். பர்மிங்ஹாம் போய்த் திரும்பியவர், ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை. வீட்டில் ஏச்சு விழுந்தது. உடனே 900 பவுண்டு காசோலை ஒன்றை எடுத்து, இது குழந்தைக்கே என்று சொல்லி அதன் கையில் வைத்தார். குழந்தை கிழித்துவிடுமே என்று மனைவி பதறினாள். கிழித்தால் கிழிக்கட்டும், அவனுடையதுதானே என்றார். பிறகு காசோலையை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சில நாளில் இறந்துபோனார்.

காசோலை ஜோன்ஸின் பெயரில் இருந்தது. பின்புறம் கையெழுத்திட்டு மாற்றித் தரவில்லை. 1865-இல் கிரான்வொர்த் பிரபு, இது கொடையும் ஆகவில்லை, டிரஸ்டும் ஆகவில்லை என்று தீர்ப்பளித்தார். தகப்பனின் ஆசையை அவர் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாசத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் டிரஸ்ட் என்று எடுத்துக்கொண்டால், வீட்டில் வாய் திறக்கவே பயப்பட வேண்டியிருக்கும்.

இதற்கு அடிப்படை, மூன்று ஆண்டு முன்பு வந்த மில்ராய் எதிர் லார்ட் தீர்ப்பு. தாமஸ் மெட்லி என்பவர் லூசியானா வங்கியின் 50 பங்குகளை உறவுப் பெண் ஒருத்திக்காக சாமுவேல் லார்டின் பொறுப்பில் விட்டுப் பத்திரம் எழுதினார். ஆனால் வங்கியின் புத்தகத்தில் பெயர் மாறினால்தான் பங்கு மாறும். மாற்றுவதற்கான பவர் பத்திரம் லார்டின் கையிலேயே இருந்தது, அவர் மாற்றவில்லை. கொடை விழுந்தது. கொடுக்க வழி மூன்று: நேராகக் கொடுக்கலாம், அறங்காவலரிடம் ஒப்படைக்கலாம், தானே அறங்காவலர் என்று அறிவிக்கலாம். ஒரு வழியில் போய்த் தவறியவரை நீதிமன்றம் தூக்கி இன்னொரு வழியில் விடாது என்றார் நீதிபதி டர்னர்.

இதே 1862-இல்தான் ஈக்விட்டி எனும் சமநீதி நெறி தன் மறுமுகத்தையும் காட்டியது. தகப்பன் சரியான பத்திரம் இல்லாமல் மகனுக்கு நிலம் கொடுக்க, மகன் அவர் கண் முன்னே 14,000 பவுண்டு செலவழித்து வீடு கட்டினான். தில்வின் எதிர் லெவெலின் வழக்கில் நிலம் முழுவதும் அவனுக்கே என்றார் வெஸ்ட்பரி பிரபு. நம்பிக் காசைக் கொட்டியவன் வெறும் கை நீட்டியவன் அல்ல.

1874-இன் ஸ்ட்ராங் எதிர் பேர்ட் விசித்திரமானது. மகனுக்குக் கடன் கொடுத்த மாற்றாந்தாய் மீதி 900 பவுண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. உயிலில் அந்த மகனையே நிறைவேற்றுநராக நியமித்திருந்தார். தன்மீது தானே எப்படி வழக்குப் போடுவது? கடன் தீர்ந்தது.

இவற்றைவிட முக்கியமானது ரோஸ் வழக்கு. எரிக் ரோஸ் 1943 மார்ச் 30-இல் பங்கு மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கம்பெனி பதிவு செய்தது ஜூன் 30-இல். ஏப்ரல் 10-க்கு முன்பே கொடுத்தாயிற்று என்றால் மரண வரி இல்லை. தன் கையில் இருந்ததை எல்லாம் அவர் செய்துவிட்டார், மிச்சம் கம்பெனியின் வேலை என்று 1952-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரியைத் தள்ளியது. என்ன பாக்கி, அது யார் கையில் என்று பார்க்கும் அளவுகோல் இது. நியாயமானது, அளந்து பார்க்கக்கூடியது.

2002-இன் பென்னிங்டன் எதிர் வெயின் அந்த அளவுகோலைத் தளர்த்திவிட்டது. ஒரு மூதாட்டி 400 பங்குகளை உறவினர் ஒருவருக்கு எழுதிக் கையெழுத்திட்டார். படிவம் தணிக்கையாளரின் கோப்பிலேயே தூங்கியது, மூதாட்டி காலமானார். இனி திரும்பப் பெறுவது மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று கொடை நிலைநிறுத்தப்பட்டது. மனச்சாட்சி எந்த நாளில், எந்த மணியில் உறுத்தத் தொடங்குகிறது என்பதற்கு விடை இல்லை. இங்கிலாந்து நீதிபதிகளே பிறகு முகம் சுளித்தார்கள்.

பகரானி வழக்கு அப்படியல்ல. சிந்தி வணிகரான அவர் 1992-இல் லண்டனில் நோய்ப்படுக்கையில் அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, எல்லாவற்றையும் அறக்கட்டளைக்கே கொடுக்கிறேன் என்றார். பங்குகள் பெயர் மாறுமுன் இறந்தார். ஆனால் அறங்காவலர்களில் அவரும் ஒருவர்! சொத்து ஏற்கனவே ஒரு அறங்காவலர் கையில்தான் இருக்கிறது என்று லண்டனின் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டு மன்றம் 2000-இல் கொடையைக் காத்தது.

சென்னை மாகாணத்திலிருந்து போன கல்யாணசுந்தரம் பிள்ளை எதிர் கருப்ப மூப்பனார் வழக்கில், ரோஸ் தீர்ப்புக்குக் கால் நூற்றாண்டு முன்பே இதே பிரிவி கவுன்சில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. தானப் பத்திரம் எழுதி, சாட்சி போட்டு, பெறுபவர் கையில் கொடுத்து, அவரும் ஏற்றுக்கொண்டார். பதிவுக்கு முன் கொடுத்தவர் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். பத்திரம் கைமாறிய பிறகு, பதிவாகவில்லை என்று சொல்லிக் கொடையைத் திரும்பப் பெற முடியாது என்பது தீர்ப்பு.

இந்தியாவில் நிலம், வீடு தானம் செய்வோருக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கேட்பது இவ்வளவே: கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சி, பதிவு. பெறுபவர் அதைக் கொடுப்பவரின் ஆயுளுக்குள் ஏற்க வேண்டும். எழுதிய பத்திரத்தைப் பீரோவில் வைக்காமல் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய நான்கு மாதம் இருக்கிறது.