வகுப்பில் போன் அடித்தது யாரால்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



பள்ளி வகுப்பறையில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்துவதைத் தடை செய்யலாமா என்று பேசச் சொன்னார்கள். பட்டிமன்றம் மாதிரி இரண்டு பக்கமும் பேச எனக்கு வராது. வகுப்பில் போன் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தடையை உடைப்பது யார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். முதல் ஆள் நான்.

போன நவம்பரில் ஒரு நாள், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பேரன் ஒன்பதாம் வகுப்பு. மழைக்கோட்டு வராந்தாவிலேயே தொங்குகிறது. மணி பதினொன்று இருக்கும். யோசிக்காமல் போன் போட்டுவிட்டேன். அங்கே கணக்கு வகுப்பு. பையன் போனை சைலன்ட்டில் வைக்க மறந்திருக்கிறான். பைக்குள்ளிருந்து சத்தமாக அடித்திருக்கிறது. எடுக்கவில்லையே என்று நான் மறுபடியும் போட்டேன். இரண்டாவது முறையும் அடித்ததும் ஆசிரியர் வாங்கி வைத்துவிட்டார். வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வைத்திருக்கிறார். "நான் பயன்படுத்தவே இல்லை சார்" என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மறுநாள் போனை வாங்க நான்தான் போனேன், கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதினேன். திரும்பி வரும்போது பேரன் ஒன்றுதான் கேட்டான். "மழைக்கோட்டு எடுக்கலைன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் நீங்க என்ன பண்ணியிருப்பீங்க தாத்தா?" எனக்குப் பதில் இல்லை. எடுக்கவில்லை என்றால் நனைந்துகொண்டு வருவான், அவ்வளவுதான். அந்த போனை அவன் கேட்டு வாங்கவில்லை. டியூஷன் போகிறான், வேன் தாமதமாகிறது என்று நாங்கள்தான் பையில் திணித்து அனுப்பினோம்.

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் கிளைக்கே ஒரு போன்தான். மேலாளர் மேஜையில் இருக்கும். வீட்டிலிருந்து போன் என்று பியூன் வந்து கூப்பிட்டால் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அவசரம் இல்லாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவசரம் எது, ஆவல் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருந்தது.

தடை ஒன்றும் புதிதில்லை. சி.பி.எஸ்.இ. 2009-லேயே இதுபற்றிச் சுற்றறிக்கை விட்டது. பிரான்சில் 2018-இல் சட்டமே போட்டார்கள். பலன் உண்டா என்றால், கணக்கு கொஞ்சம் சிக்கலானது. 2015-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து வந்த ஆய்வு இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளைப் பார்த்தது. தடைக்குப் பிறகு தேர்வு மதிப்பெண் கூடியிருந்தது. அதிகம் பயனடைந்தவர்கள் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள். நன்றாகப் படிக்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைத் தொட்டது இதுதான். "என் பையன் போன் இருந்தாலும் முதல் ரேங்க்தான்" என்று நம்மில் சிலர் சொல்கிறோமே, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு அது பொருந்தாது. தடை அந்தப் பையனுக்காக.

பிற்பாடு ஸ்வீடனில் இதேபோல் பார்த்தபோது மதிப்பெண்ணில் மாற்றம் தெரியவில்லை. 2025-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் பார்த்தார்கள். பள்ளியில் கட்டுப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் ஒரு நாளில் போனில் செலவிடும் மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வரவு செலவு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பகலில் மிச்சம் பிடித்ததை இரவில் செலவு செய்துவிடுகிறார்கள். மிச்ச நேரம் யார் பொறுப்பு? நம் பொறுப்பு.

2025 தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது. பள்ளிக்குப் போன் கொண்டு வருவதையே முழுதாகத் தடுப்பது சரிப்படாது. வகுப்பில் பயன்படுத்தக் கூடாது. முடிந்த இடங்களில் காலையில் ஒப்படைத்து மாலையில் திரும்ப வாங்கும் ஏற்பாடு வேண்டும்.

ஒப்படைக்கிற விஷயத்தில் எனக்கு ஒரு தொழில்முறைக் கவலை உண்டு. நான் கடிதம் கொடுக்கப் போனபோது பறிமுதல் செய்த போன்களைப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா. போனைச் சுற்றி ரப்பர் பேண்டில் துண்டுச் சீட்டு, அதில் பெயர். அலமாரிக்கு ஒரே சாவி. திரும்பத் தரும்போது கையெழுத்து கூட வாங்கவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருள்! நாங்கள் நூறு ரூபாய் காசோலைக்கே டோக்கன் கொடுத்தவர்கள். பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் இருந்தால்தான் திறக்கும். நாளை ஒரு போன் காணாமல் போனால் அந்த ஆசிரியர் பாவம். வகுப்புக்கு ஒரு பதிவேடு, எண் போட்ட பை, பிள்ளை கையில் ஒரு டோக்கன், இவ்வளவு போதும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன், சிரித்தார்கள். இரண்டு பேர் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2020-இல் பள்ளிகளை மூடியபோது வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, வேறு வழியில்லை. பள்ளி திறந்த பிறகும் அது அப்படியே நின்றுவிட்டது. பகலில் போனைத் தொடாதே என்கிறோம். இரவு எட்டு மணிக்கு, "என்ன ஹோம்வொர்க் என்று பார்க்கிறேன்" என்று வாங்கினால் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. திரும்ப வருவது பத்து மணிக்கு. டைரியில் எழுதிக் கொண்டு வந்தால் இந்தச் சாக்கே கிடையாது.

பி பிளாக்கிலிருந்து ஒரு தாய் கேட்டார், சர்க்கரை நோய் உள்ள குழந்தை என்ன செய்யும் என்று. தோலில் ஒட்டும் சென்சார் போனோடு இணைந்திருக்கும், அளவு குறைந்தால் போன்தான் எச்சரிக்கும். நல்ல கேள்வி. பிரேசிலில் 2025 ஜனவரியில் வந்த சட்டத்திலேயே உடல்நலத் தேவைக்கு விலக்கு இருக்கிறது. இங்கேயும் மருத்துவர் கடிதத்தோடு எழுதிக் கேட்கலாம். இதை அந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் போடாமல் நாமும் கூடப் போகலாம்.

கடைசியாக, இங்கே செய்யக்கூடியது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் நான்கைந்து வேன்களில்தான் போகிறார்கள். வேன் டிரைவர்கள் எண், பள்ளி அலுவலக எண் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி செக்யூரிட்டி அறையில் மாட்டலாம் என்று செயலாளரிடம் சொன்னேன், சம்மதித்தார். வேன் தாமதமானால் டிரைவர் கேட்டுக்கு ஒரு போன் செய்தால் போதும், செக்யூரிட்டி இன்டர்காமில் வீடுகளுக்குச் சொல்லிவிடுவார். பையில் போன் தேவைப்படும் காரணங்களில் பாதி அதோடு தீரும். டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு பட்டன் போன் போதும். பேரனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டான். அந்தத் தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

வேன் விவரம் எழுதும் படிவம் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. பிள்ளை பெயர், பிளாக், வேன் எண், மூன்றே வரிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.