சூஃபிகளின் வழியும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்

(பொன்விழாக் கூட்டத்தில் இளைஞர் பகுதி சார்பில் ஆற்றிய உரை)





ஐம்பதாம் ஆண்டு மேடையில் எங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. தலைப்பு பெரியது. நாங்கள் ஆலிம்கள் அல்ல. கடை நடத்துகிறவர்களும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களும்தான் எங்களில் அதிகம். அதனால் மார்க்கத் தீர்ப்பு எதுவும் சொல்லப் போவதில்லை. நடந்த சிலவற்றைச் சொல்கிறோம். பிழை இருந்தால் ஹஸ்ரத் அவர்கள் இதே மேடையில் திருத்தட்டும்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சூஃபி என்ற சொல் நம் காதில் விழுந்ததில்லை. வியாழக்கிழமை இரவு இஷா முடிந்ததும் ராத்திபு ஓதுவார்கள், முடிந்ததும் நேர்ச்சைச் சோறோ சுண்டலோ கிடைக்கும். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாம் ஓதுகிற அந்த ராத்திபைத் தொகுத்தவர் ஹள்ரமவ்த்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத். 1720-ல் மறைந்தவர். மலாய் அண்டை வீட்டாரின் சூராவிலும் அதையே ஓதுகிறார்கள் என்பது பெரியவர்களான பிறகுதான் தெரிந்தது. ஏமன் நாட்டுப் பெரியவர் ஒருவரின் திக்ரு, தமிழர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் ஒரே இரவில் ஒலிக்கிறது. அதை யாரும் தத்துவம் என்று சொல்லித் தரவில்லை, பழக்கமாகவே வந்தது.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது நாகூர் நேர்ச்சையை மடியில் முடிந்துகொண்டு வந்தார்கள். இறங்கிய துறைமுகங்களில் அந்த நினைவை நட்டார்கள். பினாங்கில் நாகூர் தர்கா, சிங்கப்பூர் தெலுக் ஆயரில் நாகூர் தர்கா என்று இன்றும் நிற்கின்றன. அந்த நாகூரிலேயே 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். குணங்குடி மஸ்தான் சாகிபுவின் மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். ஒரு முஸ்லிம் ஞானியை ஒரு சைவப் புலவர் வாழ்த்திப் பாடினார் என்பதை நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலாக்காவில், அஞ்சோங் பத்து படகுத்துறையிலிருந்து படகேறினால் புலாவ் பெசார். அங்கே சுல்தான் அல்ஆரிஃபின் ஷெய்கு இஸ்மாயீலின் கபுறு. நம் ஆட்கள் போகிறார்கள், மலாய்க்காரர்கள் போகிறார்கள், இந்துக்களும் சீனர்களும்கூடப் போகிறார்கள். கபுறில் கேட்காதீர்கள், அல்லாஹ்விடம் மட்டும் கேளுங்கள் என்று அங்கே அறிவிப்பு வைக்கிறார்கள். அந்த அறிவிப்போடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஜியாரத்தின் எல்லை எது, அதில் கூடாதது எது என்று ஆலிம்கள் ஆயிரம் வருடங்களாகப் பேசுகிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலும் கந்தூரி வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம் சகோதரர்களே, சந்தாவும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். (சிரிப்பு.) நம் பேச்சு அவர்களைப் பற்றியது அல்ல. "அவன் செய்வது தவறு" என்று சொல்கிற நாக்கு, "அவன் முஸ்லிமே இல்லை" என்று சொல்லத் தொடங்கும் இடத்தைப் பற்றியது.

அந்த இடத்தை ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே காட்டிக் கொடுத்துவிட்டார்கள். போர்க்களத்தில் எதிரி கலிமா சொன்ன பிறகும் உஸாமா இப்னு ஸைத் ரலியல்லாஹு அன்ஹு அவரைக் கொன்றுவிட்டார்கள். உயிருக்குப் பயந்துதான் சொன்னார் என்று உஸாமா சொன்ன காரணத்தை நபியவர்கள் ஏற்கவில்லை. உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருளில் திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களைப் பள்ளிவாசலில் வெட்டினார்கள். வெட்டியவன் காரிஜி. தொழுகையிலும் ஓதலிலும் குறை வைக்காத கூட்டம் அது. அலீயையே காஃபிர் என்று சொல்லிவிட்ட பிறகு வாளை எடுக்க அவர்களுக்கு வேறு தடை இருக்கவில்லை.

இனி நம் மொழி பேசுகிற ஊர் ஒன்றுக்கு வருகிறோம். இலங்கையில் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காத்தான்குடி.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 260-க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. தலைமை தாங்கிய ஸஹ்ரான் காத்தான்குடிக்காரர். அவர் பேச்சுகள் தமிழில் இருந்தன. இதை அழுத்திச் சொல்கிறோம். உருது அல்ல, அரபு அல்ல, நம் வீட்டுப் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லாத தமிழ். கோயம்புத்தூர் வரை அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

எல்லோருக்கும் ஈஸ்டர் ஞாயிறு நினைவிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முந்திய தேதி ஒன்று பலருக்குத் தெரியாது. 2017 மார்ச் 10. அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்கள் வாளோடு மோதியது கிறிஸ்தவர்களோடு அல்ல, பௌத்தர்களோடு அல்ல. அதே ஊர் சூஃபி முஸ்லிம்களோடு. ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். அவருடைய ஆட்கள் சிலர் கைதானார்கள், அவர் தலைமறைவானார். கத்தி முதலில் பட்டது திக்ரு மஜ்லிஸில் உட்கார்கிறவர் மேல்தான்.

அதற்கும் முன்னால் போனால் நமக்கே தலை குனிகிறது. காத்தான்குடியின் அப்துர் ரவூஃப் மௌலவி மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று 1979-ல் தீர்ப்பு சொன்னது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா. அவருடைய கொள்கை சரியா தவறா என்பது நம் தகுதிக்கு மீறியது. ஆனால் அந்தச் சொல் ஊருக்குள் சும்மா இருக்கவில்லை. 2004-லிலும் 2006-லிலும் அங்கே சூஃபிகளுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. 2006 டிசம்பரில் இறந்த ஒரு ஷெய்குவின் உடலைக் கபுறிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மையித்துக்கு எவ்வளவு கண்ணியம் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது! அதே உலமா சபை 2019-ல், தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று உறுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பை நாம் பாராட்டுகிறோம். நாற்பது வருடம் முன்பே அந்த உறுதி வேறு திசையில் இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தோடுதான் பாராட்டுகிறோம்.

நம் பக்கம் மட்டும் வெள்ளை என்றும் சொல்லிவிட முடியாது. 2009 ஜூலையில் பேருவளையில் புகாரிக் கந்தூரியை ஒட்டிய தகராறில் தவ்ஹீத் பள்ளி ஒன்று தாக்கப்பட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். தஸ்பீஹ் உருட்டுகிற கைக்கும் கல் எடுக்கத் தெரியும். நஃப்ஸை அடக்குவதுதான் தஸவ்வுஃப் என்றால், அன்று அங்கே நடந்ததற்கு என்ன பெயர்?

இப்போது வெளியார் அதிகம் பேசாத பக்கத்தையும் சொல்ல வேண்டும். "உங்கள் சமூகம் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். கடைக்கு வருகிற வாடிக்கையாளரே கேட்டிருக்கிறார். திறந்தார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமத், மூன்று வருடங்களுக்கு முன்பே உளவுத்துறையிடம் ஸஹ்ரானைப் பற்றிச் சொன்னதாக ஊடகங்களிடம் தெரிவித்தார். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைப் பிடிக்கப் போலீஸுக்கு உதவியவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். அப்படி உதவிய ஒருவரை 2019 மார்ச்சில் வீட்டுக்குள் புகுந்து தலையில் சுட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஏப்ரல் 26-ல் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் புதிதாய் வந்தவர்கள் மேல் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்களும் ஊர் முஸ்லிம்கள்தான். அந்த வீட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளோடு வெடித்துச் செத்தார்கள்.

இவ்வளவும் செய்த சமூகத்தின் கடைகளைத்தான் மே 12, 13 தேதிகளில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் எரித்தார்கள். ஒரு கடையை நிறுத்த எத்தனை வருடம் ஆகும் என்று வியாபாரிகளான நமக்குத் தெரியும். குண்டு வைத்தவனுக்கு ஒரு நிமிடம், அதன் கடனை அடைப்பவர்கள் வேறு ஆட்கள். கோயம்புத்தூரிலும் 2022 அக்டோபர் 23-ல் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே கார் வெடித்த பிறகு, ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோவிலுக்கே நேரில் போய்ப் பேசினார்கள். அப்படிப் போவதற்கு ஒரு துணிவு வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஏச்சு கிடைக்கும்.

"அது இலங்கை, அது இந்தியா" என்று சொல்லிவிடலாமா? 2016 ஜூன் 28-ல் பூச்சோங் மொவிடாவில் கையெறி குண்டு வீசி எட்டுப் பேர் காயம்பட்டார்கள். சிரியாவில் உட்கார்ந்து அதற்கு ஏவிய முகமது வான்டி மலாக்காவில் பிறந்தவர். நம் மாநிலம். 2024 மே மாதம் ஜொகூர் உலு திராமில் போலீஸ் நிலையத்தில் புகுந்து இரண்டு காவலர்களைக் கொன்றவனின் குடும்பம் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் வாழ்ந்தது என்று செய்தி வந்தது. ஊரோடு ஒட்டாமல் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஏனென்றால் இனிச் சொல்லப் போவது நம்முடையது. பெயர் வேண்டாம், இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். நம் ராத்திபு மஜ்லிஸில் முப்பது வருடம் முன்வரிசையில் ஓதிய பெரியவர் ஒருவர் மவுத்தானார். ஜனாஸா தொழுகைக்கு ஸஃப் கட்டினோம். அவருடைய பேரப்பிள்ளை மட்டும் சூராவுக்கு வெளியே, கையில் தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தார். வாங்க தம்பி என்று கூப்பிட்டோம். கபுறில் போய்க் கேட்டவருக்குத் தான் தொழ மாட்டேன் என்றார். மகனுக்காகத் தலை குனிந்து நின்ற அந்த வாப்பாவின் முகம் இன்னும் நமக்கு மறக்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டோம். அதற்கு முன்பே அடையாளங்கள் வந்தன. முதலில் கந்தூரிச் சோறு சாப்பிடுவதை விட்டார். பிறகு நம் இமாமின் பின்னால் தொழுவதை விட்டார். பிறகு ஸலாம் சொல்வதையும் நிறுத்தினார். "சின்னப் பையன், போகப் போகச் சரியாகும்" என்று சிரித்துக்கொண்டோம். சிலர் ஒரு படி மேலே போய் "வஹ்ஹாபி வர்றாரு" என்று அவர் காதுபடவே கேலி செய்தோம். அவர் நம்மைத் தள்ளி வைத்த அதே வேலையை நாமும் செய்தோம். அவர் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை, யார் மேலும் கை வைத்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவருக்கும் கைப்பேசிக்கும் நடுவில் நாம் யாரும் இல்லாமல் போனோம். இந்த நாட்டில் மார்க்கப் பாடம் நடத்த வேண்டுமானால் தவ்லியா வாங்க வேண்டும். கைப்பேசிக்குத் தவ்லியா கிடையாது.

போன ரமலான் பெருநாளில் எங்களில் மூன்று பேர் அவர் வேலை செய்கிற ஊருக்குப் போனோம். தேநீர் கொடுத்தார். வியாபாரம், வாடகை, பிள்ளைகள் படிப்பு என்று பேசினோம். ராத்திபைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கிளம்பும்போது, பாட்டனார் கபுறு எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டார். சொல்லிவிட்டு வந்தோம். வந்தாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

இது பொன்விழா ஆண்டு. செயற்குழுவின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். 2005 ஜூலையில் அம்மானில் ஐம்பது நாடுகளிலிருந்து வந்த சுமார் 200 ஆலிம்கள் ஒன்றாகச் சொன்னார்கள்: மத்ஹபுகளைப் பின்பற்றுகிறவரையும், அஷ்அரி அகீதாவில் இருப்பவரையும், மெய்யான தஸவ்வுஃபில் இருப்பவரையும், மெய்யான ஸலஃபி வழியில் இருப்பவரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது. அந்தத் தீர்மானத்தை எளிய தமிழில் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஹஸ்ரத் பாடமாக எடுக்க வேண்டும். ஸலஃபிகளைப் பற்றிய பகுதியையும் விடாமல் எடுக்க வேண்டும். நமக்கும் அது தேவைப்படுகிறது.

நம் சங்க மேடையில் யார் பேசினாலும், எந்தப் பக்கத்து ஆலிமானாலும், இன்னொரு முஸ்லிமைக் காஃபிர் என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கு வேண்டும். வெளியூர்ப் பேச்சாளருக்கு மரியாதைக் குறைவு என்று தயங்கக் கூடாது. வன்முறைக்கு யாராவது ஆள் சேர்க்கிறார் என்று தெரிந்தால் போலீஸிடம் போவோம். அதில் உறவு, ஊர், மானம் என்று பார்க்க வேண்டாம். ஆனால் போலீஸிடம் போகிற நிலைக்கு முந்திய அந்த இரண்டு மூன்று வருடம் நம் கையில் இருக்கிறதே, அதற்குத்தான் கடைசிக் கோரிக்கை.

வியாழக்கிழமை ராத்திபு முடிந்ததும் சோறு வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறோம். இனி ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ராத்திபு ஓதப் பிடிக்காத பிள்ளைகள் ஒன்பதரைக்கு மேல் வரட்டும். கேள்வி கேட்கட்டும், ஏன் கபுறுக்குப் போகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்கட்டும். ஹஸ்ரத் பதில் சொல்வார். தெரியாவிட்டால் அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்பார். தேநீரும் ரொட்டியும் இளைஞர் பகுதியின் செலவு. வருகிற வியாழனே தொடங்குகிறோம், சாவியை மட்டும் எங்களிடம் கொடுங்கள்.