நோயின் குணத்தைப் படத்தில் காணல்



நோய் இருக்கிறது என்று கண்டறிவது ஒன்று. அந்நோயின் குணம் யாது என்று கண்டறிவது மற்றொன்று. உடலினுள் ஒரு கட்டி தோன்றியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. அது மெல்ல வளர்வதா, விரைந்து பரவுவதா, அறுத்து எடுத்த பின்னும் மீண்டும் தலைகாட்டுவதா என்பவற்றையும் அறிந்தாலன்றி மருத்துவர் தக்க வழியைத் தேர்ந்தெடுக்க இயலாது. கல்லீரலில் தோன்றும் புற்றுநோயின் கொடிய வகைகளை, கத்தி வைப்பதற்கு முன்னரே, படங்களின் வாயிலாக அடையாளம் காண மருத்துவ அறிவியல் முயன்று வருகிறது. அம்முயற்சியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். யான் மருத்துவன் அல்லேன்; பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே, படித்தும் கேட்டும் எனக்கு விளங்கியதை, வகுப்பில் சொல்லும் முறையிலேயே சொல்லுகிறேன்.

முதலில் கல்லீரலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். வயிற்றின் மேற்பகுதியில், வலப்புறத்தில், விலா எலும்புகளின் காவலில் அமைந்திருப்பது இவ்வுறுப்பு. நம் உள்ளுறுப்புகளுள் இதுவே பெரியது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. இதனை மூடியுள்ள உறைக்கு வலி தெரியுமேயன்றி, உட்பகுதிக்கு வலி தெரியாது. எனவே, உள்ளே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் வரையில் நோயாளிக்கு யாதொரு துன்பமும் தோன்றாமல் இருக்கக்கூடும். துன்பம் தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், அதே ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சத்து 58 ஆயிரம் பேர் அதனால் உயிர் துறந்தனர் என்றும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கணித்துள்ளது. இவ்விரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைப் பாருங்கள். நோயின் கடுமையை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்லீரல் அணுக்களிலேயே பிறக்கும் புற்றுநோய்தான் இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. இந்நோய் பெரும்பாலும் நல்ல கல்லீரலில் தோன்றுவதில்லை. ஹெப்படைடிஸ் பி, சி ஆகிய நச்சுக் கிருமிகள், மதுப்பழக்கம், உடற்பருமனாலும் நீரிழிவாலும் கல்லீரலில் சேரும் கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் அவ்வுறுப்பைப் புண்படுத்துகின்றன. புண் ஆறி ஆறித் தழும்பேறி, கல்லீரல் இறுகிப் போகிறது. இதனையே 'சிரோசிஸ்' என்பர். இவ்வாறு இறுகிய நிலத்திலேதான் புற்று முளைவிடுகிறது.

இனி, படங்கள் இந்நோயை எவ்வாறு காட்டுகின்றன என்று பார்ப்போம். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அக்கதிர்கள் தந்த படத்தில் உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தோன்றின. 1971-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஹௌன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைத் துண்டு துண்டாக அரிந்து பார்ப்பதுபோலப் படமெடுத்துக் காட்டியது. அதுவே இன்று யாவரும் அறிந்த சி.டி. ஸ்கேன். அதற்கென 1979-ஆம் ஆண்டு நோபல் பரிசை அவரும் கார்மாக்கும் பகிர்ந்துகொண்டனர். காந்த ஆற்றலைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவரும் 2003-இல் அப்பரிசைப் பெற்றனர்.

கல்லீரலுக்கு வேறெந்த உறுப்புக்கும் எளிதில் வாய்க்காத ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கு இருவழிகளில் இரத்தம் வருகிறது. ஆற்றுக்காலும் கிணறும் ஒருங்கே பாயும் வயலை எண்ணிப் பாருங்கள். குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் பெருஞ்சிரை ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தத்தைக் கொணர்கிறது. தமனி எஞ்சிய கால் பங்கைத் தருகிறது. ஆனால், புற்றுக்கட்டியோ முற்ற முற்றச் சிரையின் பாசனத்தைக் கைவிட்டுத் தமனியிலிருந்தே தனக்குரிய இரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. நோயைக் காட்டிக் கொடுப்பதும் இவ்வியல்பே ஆகும்.

கையிலுள்ள நரம்பின் வழியே ஒருவகை மருந்தைச் செலுத்தி, அது கல்லீரலை அடையும்போது அடுத்தடுத்துப் படமெடுக்கின்றனர். ஏறத்தாழ அரை நிமிடத்தில் மருந்து தமனி வழியே வந்து சேரும். அப்போது கட்டி பளிச்சென்று ஒளிரும். சுற்றியுள்ள கல்லீரல் மங்கியிருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலானதும் சிரை வழியே மருந்து வந்து கல்லீரல் முழுவதும் ஒளிபெறும். அந்நேரத்தில் கட்டி தன் ஒளியை இழந்து மங்கும். சிரோசிஸ் உள்ள ஒருவரிடத்தில், போதிய அளவுள்ள கட்டியில் இவ்விரு மாற்றங்களும் ஒருங்கே காணப்பட்டால், ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதியாமலேயே புற்று என்று உறுதி கூறலாம். இப்படங்களை மருத்துவர் அனைவரும் ஒரே முறையில் படித்தறிவதற்காக அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2011-ஆம் ஆண்டில் 'லை-ராட்ஸ்' என்னும் தரவரிசையை வெளியிட்டது. ஒன்று என்பது தீங்கற்றது. ஐந்து என்பது ஐயத்துக்கு இடமற்ற புற்று.

இதுவரையில் சொன்னது, நோய் உண்டா இல்லையா என்ற வினாவுக்கு விடை. அதன் குணம் யாது என்ற வினா இனிமேல்தான் எழுகிறது. இத்தாலி நாட்டு மிலான் நகரத்து மருத்துவர்கள் 1996-ஆம் ஆண்டில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு ஒரு வரையறை வகுத்தனர். ஒரே கட்டியாயின் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், பல கட்டிகளாயின் மூன்றுக்கு மேற்படாமல் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். பெரிய இரத்தக் குழாய்களில் புற்று நுழைந்திருத்தலும் கூடாது என்பது அதன் சாரம். இவ்வரையறை இன்றளவும் பயன்படுகிறது. எனினும், ஒரே அளவுள்ள இரு கட்டிகள் ஒரே குணம் உடையனவாக இருப்பதில்லை. மாணவர்களை உயரம் பார்த்து வரிசையில் நிறுத்திவிடலாம். அதனால் அவர்களுடைய இயல்பு ஆசிரியனுக்குத் தெரிந்துவிடுமா? கட்டிகளின் செய்தியும் அத்தகையதே.

கொடிய குணத்தின் அடையாளங்களுள் முதன்மையானது, கட்டியின் அணுக்கள் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்துவிடுதலாகும். அவ்வாறு நுழைந்த கட்டி, அறுவைக்குப் பின் மீண்டும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இந்நுழைவு கண்ணுக்குப் புலப்படாது. கட்டியை அறுத்து எடுத்த பின்னர் நுண்ணோக்கியின் கீழ்தான் தெரியவரும். ஆயினும் எம்.ஆர்.ஐ. படம் சில குறிப்புகளைத் தருகிறது. கட்டியின் விளிம்பு வழவழப்பாக இல்லாமல் ஒழுங்கற்று மேடுபள்ளமாக இருப்பது ஒன்று. தமனியில் மருந்து பாயும் வேளையில் கட்டிக்கு வெளியேயும் ஓர் ஒளி படர்ந்து தோன்றுவது இரண்டாவது. மூன்றாவது குறிப்பு, கடாக்ஸெடிக் அமிலம் என்னும் தனி மருந்தினால் கிடைப்பது. இம்மருந்தை நல்ல கல்லீரல் அணுக்கள் உள்ளே ஏற்றுக்கொள்ளும். செலுத்தி 20 நிமிடங்கள் கழித்துப் படமெடுத்தால் நல்ல பகுதி வெண்மையாகவும், கட்டி கருமையாகவும் தோன்றும். கட்டியின் எல்லையைத் தாண்டியும் கருமை பரவியிருக்குமாயின், நுண்குழாய்களில் நோய் நுழைந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவர்.

அணுக்கள் தடித்த கற்றைகளாகத் திரண்டு வளரும் ஒரு வகைக் கட்டியும் உண்டு. 'மேக்ரோட்ரபெகுலர் மாசிவ்' என்று பெயரிட்டு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இதனைத் தனி வகையாகச் சேர்த்துள்ளனர். விரைவில் மீண்டும் தோன்றும் கொடுமை உடையது இது. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைக் கட்டியின் உட்பகுதி பெருமளவு அழுகி மடிந்திருப்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டும் என்பதை எடுத்துரைத்தனர். தன் வேகத்துக்கு ஈடாக இரத்தம் கிடைக்காமல் கட்டியின் நடுப்பகுதி மடிந்து போகிறது என்று இதற்குக் காரணம் கூறலாம்.

இவற்றை முன்கூட்டியே அறிவதால் வரும் பயன் யாது? அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றிச் சற்று அகலமாக அறுத்து எடுக்கத் திட்டமிடலாம். சிறு கட்டியை வெப்பத்தால் சுட்டழிப்பதா, அறுப்பதா என்று ஆராயலாம். கல்லீரலை மாற்றிப் பொருத்துமுன், நோய் மீளுமா என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் ஈந்த கல்லீரல் மற்றொருவருக்கு வீணாகாமல் போய்ச் சேர வேண்டுமல்லவா? சிகிச்சைக்குப் பின் அவரை எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிப்பது என்பதையும் இவ்வறிவு தீர்மானிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். படத்தில் காணும் குறிப்புகள் தீர்ப்புகள் ஆகமாட்டா. வழவழப்பான விளிம்புடைய கட்டியும் குழாய்களில் நுழைந்திருப்பதுண்டு. கரடுமுரடான கட்டி நுழையாமல் இருப்பதும் உண்டு. ஒரே படத்தை இரு மருத்துவர் இருவேறாகப் படிப்பதும் உண்டு. படத்தின் நுண்புள்ளிகளைக் கணிப்பொறி கொண்டு எண்ணி நோயின் குணத்தைக் கணிக்கும் 'ரேடியோமிக்ஸ்' என்னும் துறை இன்று வளர்ந்து வருகிறது. ஆனால், ஒரு மருத்துவமனையின் படங்களில் பழகிய பொறி, வேறொரு மருத்துவமனையின் படங்களில் தடுமாறக்கூடும். ஊசியால் எடுக்கும் சதைக்கும் குறை உண்டு. அது கட்டியின் ஒரு சிறு துணுக்கை மட்டுமே காட்டும். படம் முழுமையைக் காட்டுகிறது. ஊசி நுண்மையைக் காட்டுகிறது. ஒன்றுக்கொன்று துணையாகக் கொள்வதே அறிவுடைமை. படத்தில் கொடிய குறி தென்பட்டது என்பதனால் நோயாளியைக் கைவிடுதல் கூடாது. அவருக்குக் கூடுதலான கவனம் தேவை என்பதே அக்குறியின் பொருள்.

இவ்வளவு நுட்பமும் யாருக்குப் பயன்படும்? காலத்தில் வந்து படமெடுத்துக்கொள்பவருக்கே பயன்படும். என் நண்பராகிய ஆசிரியர் ஒருவருக்கு ஹெப்படைடிஸ் பி கிருமியும் சிரோசிஸும் இருப்பது தெரியவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளுமாறு மருத்துவர் சொன்னார். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகச் சென்றார். பிறகு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிட்டார். வயிறு வீங்கிய பின்னர் எடுத்த படத்தில், கட்டி பெருஞ்சிரைக்குள்ளேயே புகுந்திருந்தது. அப்போது குணத்தை ஆராய வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது வெளிப்படையாகத் தெரிந்தது. அறுவைக்கும் இடமில்லாமல் போயிற்று.

சீன நாட்டு ஷாங்காய் நகரில் ஹெப்படைடிஸ் பி நோயுற்ற 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்று, அதன் முடிவு 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தச் சோதனையும் செய்துகொள்ளுமாறு அழைக்கப்பெற்றவர்களிடையே, கல்லீரல் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 37 விழுக்காடு குறைந்திருந்தது. அழைக்கப்பெற்றவர் அனைவரும் ஒழுங்காக வந்தாரில்லை. அப்படியிருந்தும் இத்துணை நன்மை கிடைத்தது.

நோய் வருமுன் காக்கும் வழியும் உண்டு. தைவான் நாடு 1984-ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. பின்னர் அங்கே குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. நம் நாட்டிலும் இத்தடுப்பூசி அரசாங்கத்தின் திட்டத்தில் சேர்ந்துள்ளது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும் என்பதைத் தாய்மார்கள் மறவாதிருப்பார்களாக.

கிருமி உள்ளவர்களும், சிரோசிஸ் உள்ளவர்களும் மருத்துவர் குறித்த நாளில் தவறாது சென்று சோதித்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்பதை நலம் என்று எண்ணிவிடலாகாது. கட்டி சிறிதாக இருக்கும்போது படம் அதன் குணத்தைச் சொன்னால், மருத்துவர் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.